குயில் பாட்டுப் பறவை இல்லை, அச்சுப் பிழையும் இல்லை

காக்கா பாட்டுப் பறவைகளில் சேர்த்தியாம், குயில் இல்லையாம் என்று அச்சில் படித்தேன். அச்சுப் பிழையா? (காசிமேடு)

பிழை இல்லை. பாட்டுப் பறவை என்பது வம்சத்தின் பெயர். காக்கா அந்த வம்சம், குயில் வேறு வீடு. அடுத்தவர் கூட்டில் முட்டை போட்டால் சொந்தமாகிவிடுமா?

மொட்டைமாடியில் கிடந்த இறகை அனுப்பியுள்ளேன். டிஎன்ஏ பார்த்து என்ன பறவை என்று சொல்லவும். (வியாசர்பாடி)

மாடப்புறா. பார்த்தாலே தெரிகிறது, இதற்கு எதற்கு டிஎன்ஏ? ஈர இறகை பாலிதீன் கவரில் போட்டு ஒட்டியிருக்கிறீர்கள், பிரித்தால் பூஞ்சை. தேதியும் இல்லை. எத்தனை தடவைதான் எழுதுவது: காயவைத்து, காகிதக் கவரில், தேதியும் இடமும் எழுதி! அப்புறம், காட்டுப் பறவையைப் பிடித்து ரத்தமோ இறகோ எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும்.

ஜீன்பேங்க் என்ற இணைய டிஎன்ஏ களஞ்சியத்திலிருந்து சைட்டோகுரோம் பி என்ற மைட்டோகாண்ட்ரியா ஜீனை இறக்கி வம்ச மரம் போட்டேன். குண்டுகரிச்சான், மைனாவை விட்டு புல்புல் பக்கத்தில் நிற்கிறது. புதுக் கண்டுபிடிப்பாக எழுதலாமா? (பெரம்பூர், கல்லூரி மாணவர்)

எழுதாதீர்கள் தம்பி. மாதம் ஒருவராவது இப்படி ஒரே ஒரு ஜீனோடு வந்து நிற்கிறீர்கள். மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குச் சக்தி தரும் உறுப்பு) தாயிடமிருந்து மட்டும் வருவது, பாட்டி சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு அப்பா வீட்டுச் சொந்தத்தையெல்லாம் எழுத முடியுமா? முழு ஜீனே ஆயிரத்து நூற்றுச் சொச்சம் டிஎன்ஏ எழுத்துதான், அதிலும் நீங்கள் எடுத்தது முந்நூறு. அந்தக் கிளைக்கு பூட்ஸ்ட்ராப், அதாவது எவ்வளவு நம்பலாம் என்று நூற்றுக்குப் போடும் மதிப்பெண், 38. முப்பத்தெட்டை நம்பி யாராவது கல்யாணப் பத்திரிகை அடிப்பார்களா? வெளிக்குழுவாக, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வெளி வம்சத்து ஆளாக, ஒரு கிளியைக்கூட வைக்கவில்லை, வேர் எங்கே என்று மரத்துக்கு எப்படித் தெரியும்?

நியூமைட் (NUMT) இருக்கிறதா என்று பார்த்தீர்களா? மைட்டோகாண்ட்ரியா துண்டு எப்போதோ உட்கருவுக்குள் குடிபோயிருக்கும், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரில் அந்தப் பழைய நகல் பெருகி வந்து ஆளை ஏமாற்றும். புரத எழுத்துக்கு மாற்றிப் பார்த்து நடுவில் ஸ்டாப் கோடான் (புரதம் இங்கே முடிகிறது என்னும் குறி) வந்தால் தூக்கிப் போடுங்கள். போதாததற்கு, பத்து லட்சம் வருடத்துக்கு டிஎன்ஏ 2 சதவீதம் மாறும் என்று எல்லாப் பறவைக்கும் ஒரே கடிகாரத்தை மாட்டி ஆண்டுக் கணக்கு வேறு!

குண்டுகரிச்சானை முன்பு பூங்குருவிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள், டிஎன்ஏ பார்த்த பிறகு ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு வந்தது. அதற்குப் புல்புல்லைவிட மைனாதான் நெருக்கம். 2019-இல் வந்த பெரிய வம்ச மரத்துக்கு ஒவ்வொரு பறவையின் டிஎன்ஏவிலும் 4,000 சொச்சம் பகுதிகளை எடுத்தார்கள். அத்தனை வேண்டாம், உட்கரு ஜீன் இரண்டு மூன்றாவது சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

வீட்டுக் கேனரி ஆணா பெண்ணா, டிஎன்ஏ டெஸ்ட்டை நம்பலாமா? (கொளத்தூர்)

நம்பலாம். பறவைகளில் பெண்ணுக்கு இசட், டபிள்யூ என்ற இரண்டு குரோமோசோம். ஆணுக்கு இரண்டும் இசட். சிஎச்டி ஜீன் இரண்டிலும் வேறு நீளம், அதனால் டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் இரண்டு கோடு வந்தால் பெண், ஒன்று என்றால் ஆண். சொட்டு ரத்தம் தாராளம், பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, நமக்குத்தான் கிடையாது.

பாட்டுப் பறவைகள் முதலில் தோன்றியது தமிழ்நாட்டில்தானே? (தண்டையார்பேட்டை)

ஆசை நல்லதுதான். ஆனால் ஆஸ்திரேலியா பக்கம். மரத்தின் அடிக்கிளையில் இருப்பது அங்குள்ள லயர் பறவை. சிப்லி, ஆல்குவிஸ்ட் என்ற பறவை ஆய்வாளர்கள் டிஎன்ஏ இழைகளைச் சூடாக்கிப் பிரித்து, வேறு இனத்தின் இழையோடு ஒட்டவைத்துப் பார்த்தே 1980-களில், ஆஸ்திரேலியப் பாட்டுப் பறவைகள் தனி வம்சமாகக் கிளைத்தவை என்று சொன்னார்கள். அவர்கள் போட்ட மரத்தில் பல கிளை பிறகு மாறிவிட்டது, அது வேறு கதை. பாட்டுப் பறவைகளில் இன்று 5,000 இனம் இருக்கும்.

தூக்கணாங்குருவியும் சிட்டுக்குருவியும் அண்ணன் தம்பியா? படம் இணைத்துள்ளேன். (மாதவரம்)

முன்பு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள், இப்போது தனித்தனி. தூக்கணாங்குருவிக்குச் சிட்டுக்குருவியைவிடச் சில்லைதான் நெருங்கிய சொந்தம். படம் நன்றாக இருக்கிறது, தேதி எங்கே?