ஒரு வணிக இணையதளம் நன்றாக வடிவமைக்கப்பட்டிருக்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது?

கண்ணைக் கவரும் படங்களும் நகரும் பதாகைகளும் இருந்தாலே ஒரு வணிக இணையதளம் நல்ல வடிவமைப்பு ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது என்பதே என் உறுதியான கருத்து. நிறுவனம் என்ன விற்கிறது, என்ன விலை, யாரைத் தொடர்புகொள்வது ஆகிய மூன்றுக்கும் தேடி அலையாமல் விடை கிடைக்க வேண்டும்.

தளத்தைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். தொலைபேசி எண்ணை வெறும் படமாக ஒட்டியிருந்தால், அந்த எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது. படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்று உரையும் (alt text) தரப்படவில்லையென்றால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டவும் வழியில்லை. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தும் இதே வகைக் குறைதான்: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் (contrast) குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பின் அணுகல் வழிகாட்டுதல்.

வேகமும் வடிவமைப்பைச் சேர்ந்ததே. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். சுருக்கப்படாத பெரிய படங்கள் அதை எளிதில் கெடுத்துவிடும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, விசாரணைப் படிவத்தில் தேவையற்ற கேள்விகளை அடுக்கிவிட்டு, ஏதோ ஒரு கட்டத்தில் நேர்ந்த சிறு பிழைக்காக நிரப்பியது அனைத்தையும் அழித்துவிடும் தளம். வாங்கும் எண்ணத்தோடு வந்தவரையே அது திருப்பி அனுப்பிவிடுகிறது.