ஐந்நூறு ரூபாய்க்குத் திரும்பிப் போன இருவர்

கேள்வி: நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து எங்களைப் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தினார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன், எங்கள் பிளாக்குக்குக் கீழே சில இளைஞர்கள் சனி, ஞாயிறு மாலைகளில் இலவசமாக நடத்தும் பறைப் பயிற்சிக்குப் போகிறான். பொங்கலுக்கு மேடையேறப் போகிறார்களாம். என் தந்தை விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் சாவு வீடுகளில் பறையடித்தவர். அந்தப் பெயர் என் பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்றுதான் பதினெட்டு வயதில் ஊரைவிட்டு வந்தேன். தாத்தா விவசாயக் கூலி என்றே மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன் அப்பா இறந்தபோதுகூடப் பேண்டு செட்தான் வைத்தேன். அவருடன் அடித்த இரண்டு பேர் மேளத்தோடு வந்து நின்றார்கள், ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டேன். இப்போது இவன் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறான். படிப்பு கெடும், அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். அவனை நிறுத்துவது சரிதானே?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெரும்பாக்கம்

பதில்: படிப்பை முதலில் முடித்துவிடுகிறேன். மதிப்பெண் குறைந்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. குறைந்திருந்தால் அதைத்தான் முதல் வரியாக எழுதியிருப்பீர்கள். வாரத்தில் இரண்டு மாலைகளால் எந்தப் பிள்ளையும் பத்தாம் வகுப்பில் தவறுவதில்லை. பொங்கல் முடிந்ததும் பொதுத்தேர்வு முடியும்வரை வகுப்பு வேண்டாம் என்று சொல்லுங்கள், கேட்பான்.

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு வழக்கமாக ஓர் ஆறுதல் சொல்வார்கள். சங்கப் பாட்டிலேயே பறை இருக்கிறது, பறையிசைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது, இன்று கல்லூரி விழாக்களிலெல்லாம் பறைதான் முழங்குகிறது, ஆகையால் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் மாடிப்படியில் நின்று உங்கள் பிள்ளையைக் கேலி செய்கிறவன் விருதுப் பட்டியலைப் பார்த்துவிட்டா கேலி செய்கிறான்? அதனால் அந்த ஆறுதலை நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

நான் கேட்க விரும்புவது அந்த இரண்டு பேரைப் பற்றி. மகனின் படிப்புக்கும் அக்கம்பக்கத்துக்கும் நடுவில், ஏதோ மறந்துபோன கணக்கைப் போல அவர்களை அரை வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அவர்களை யார் கூப்பிட்டார்கள்? ஊர்ப் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்ததா, கூலி பேசி அழைத்தீர்களா? ஒன்றும் இல்லை. எத்தனையோ சாவு வீடுகளில் தங்கள் பக்கத்தில் நின்று அடித்தவன் போய்விட்டான் என்று கேள்விப்பட்டு, அவனுக்காக ஒரு முறை அடிக்க வேண்டும் என்று தாங்களாகவே மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பிணத்துக்கு முன்னால் நடந்த மனிதரின் பாடைக்கு முன்னால், அன்புக்காக மட்டும் அடிக்க வந்தவர்கள் அந்த இருவர்தான். நீங்கள் அவர்கள் கையில் பணத்தைத் திணித்தீர்கள். எந்தக் கூலியை வெறுத்து ஊரைவிட்டு வந்தீர்களோ, அதே கூலிக்காரர்களாக உங்கள் அப்பாவின் தோழர்களை அவருடைய வாசலிலேயே ஆக்கிவிட்டீர்கள்.

நீங்கள் ஊரைவிட்டு வந்ததை நான் குறை சொல்லவில்லை. சாவுச் செய்தியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக நடப்பதும், அழுகிறவர்களிடமிருந்து எட்ட நின்று விடிய விடிய அடிப்பதும், அதற்குப் படி நெல்லையும் சாராயத்தையும் வாங்கிக்கொள்வதும் பிறப்பைக் காட்டி ஒருவர் தலையில் கட்டப்பட்ட வேலைகள். இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்கள் இந்த மாநிலத்தில் பல உண்டு. அதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. அவர்கள் மறுத்தது அந்தக் கட்டாயத்தை. உங்கள் வாசலுக்கு வந்ததில் கட்டாயம் எங்கே இருந்தது? நீங்கள் ஒளித்தது ஊரின் அநியாயத்தை அல்ல, உங்கள் தகப்பனை. பெற்றவருடைய கடைசிக் காரியத்தை அவருடைய மனிதர்களை வைத்துச் செய்வது மகனின் கடமை என்று நம்புகிற பழைய காலத்து ஆள் நான். அந்தக் கடமையில் நீங்கள் தவறிவிட்டீர்கள் என்பதை இதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தாத்தா இறந்தபோது அவன் நாலாம் வகுப்பு. அந்த வயதுப் பையன் சாவு வீட்டில் என்ன செய்வான்? வாசலில்தான் நிற்பான், மேளத்தோடு வந்தவர்களைத்தான் பார்ப்பான், அவர்கள் ஏன் திரும்பிப் போகிறார்கள் என்று யாராவது ஒரு பெரியம்மாவைக் கேட்டிருப்பான். அவன் தெரிந்துதான் போகிறான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை பெரிய குடியிருப்பில் கேரம் போர்டும் பந்தும் இருக்க, அவன் பறையைப் போய் எடுத்தது ஏன் என்று ஒரு நாளாவது அவனைக் கேட்டீர்களா?

கீழே இறங்கிப் போய் ஒரு மாலை அந்த வகுப்பைப் பாருங்கள். இடது தோளில் பறையை மாட்டி உடம்போடு அணைத்துக்கொண்டு, இடது கையில் மெல்லிய நீளக் குச்சியும் வலது கையில் தடித்த அடிக்குச்சியுமாக நிற்பான். முதல் சில வாரங்களில் இடது கை சொன்ன பேச்சைக் கேட்காது. அவனுக்கு இப்போது கேட்கிறதா என்று பாருங்கள். சாமிச்சாட்டு, வாழ்த்தடி என்ற இரண்டு அடிகளும் வந்துவிட்டால் மேடைக்குப் போதும். சாவுக்கு அடிக்கும் மாரடிப்பு அடியை அவனுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று தெரியவில்லை. உங்களுக்கு அது காதில் இன்னும் இருக்கும். மார்கழிப் பனியில் தோல் தொய்ந்து சத்தம் பொத்தென்று விழும்போது, பழைய பேப்பரைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள். ஃபைபர் முகம் போட்ட பறையென்றால் அந்த வேலை இல்லை. அப்பா அடிக்கப் போன இடங்களில் வைக்கோல் பொறுக்கி நெருப்பு மூட்டியது யார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும், அது சிறுவர்களின் வேலைதான். எவ்வளவு காய்ந்தால் தோல் கணீரென்று பேசும் என்பது அங்கே சொல்லிக்கொடுக்கும் இளைஞர்களைவிட உங்கள் விரலுக்கு நன்றாகத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

அந்த இளைஞர்களிடமும் ஒன்று கேளுங்கள். பறையை யார் எதற்காகக் கட்டாயமாக அடித்தார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்களா, அல்லது அடியை மட்டும் கற்றுக்கொடுத்துக் கைதட்டல் வாங்க அனுப்புகிறார்களா? சொல்லவில்லை என்றால் சொல்லச் சொல்லுங்கள். கேலிக்குப் பதில் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். முதலில் உங்கள் மகனுக்கு நீங்கள் சொல்ல வேண்டும், அதை வேறு யாரும் உங்களுக்காகச் செய்ய முடியாது.

நீங்கள் கேட்டது அவனை நிறுத்தலாமா என்று. நிறுத்தக் கூடாது. பொங்கலுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஓட்டாமல் விட்டுவிட்டு அவனை ஊருக்கு அழைத்துப் போங்கள். தாத்தா என்ன செய்தார் என்பதைப் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய் அவன் மற்றவர் வாயால் கேட்கக் கூடாது. அந்த இருவரில் ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன். வெற்றிலை பாக்கும் ஒரு வேட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள், பணக்கவர் வேண்டாம். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டி முடித்த பிறகு, அன்று அடிக்க வந்ததை இப்போது அடிக்க முடியுமா என்று கேளுங்கள். கை நடுங்குகிறது என்றால் குச்சியை மகனிடம் கொடுத்து, அவரை வாயால் சொல்லச் சொல்லுங்கள்.