வாசகர் கேள்வி பதில்: ஆற்றுக்கும் ஏரிக்கும் ஏற்ற சிறு அலுமினியப் படகு

கேள்வி: நானும் என் தம்பியும் வார விடுமுறைதோறும் தூண்டில் போடுகிறோம். பெரும்பாலும் ஆற்றில்தான்; பாறையும் மணல்திட்டுமாக, முழங்கால் அளவு நீரே ஓடும் இடங்கள் அதில் பல உண்டு. மாதத்தில் ஒரு நாள் பெரிய ஏரிக்கும் செல்வோம். மூன்று அலுமினியப் படகுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது 12 அடி நீளமும் அடியில் 36 அங்குல அகலமும் கொண்ட தட்டையடிப் படகு. இரண்டாவதும் தட்டையடிதான், நீளம் 14 அடி, அடி அகலம் 48 அங்குலம். மூன்றாவது, ‘வி’ வடிவ அடி கொண்ட 14 அடிப் படகு. எதை வாங்கலாம்?

பதில்: மாதத்தில் மூன்று வாரம் ஆறு, ஒரு வாரம் ஏரி என்று நீங்களே கணக்குச் சொல்லிவிட்டீர்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால், 48 அங்குல அகலமுள்ள 14 அடித் தட்டையடிப் படகையே வாங்கச் சொல்வேன். ஏரியைப் பொறுத்து ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தட்டையான அடி சுமையை அகலமாகப் பரப்பிக்கொள்வதால், இருவரும் சாமான்களும் ஏறிய பின்னும் படகு சில அங்குல ஆழமே அமிழ்ந்திருக்கும். மணல்திட்டில் தட்டினாலும் ஒருவர் இறங்கித் தள்ளினால் நகர்ந்துவிடும். ‘வி’ வடிவப் படகு அதே சுமைக்குக் கூடுதல் ஆழம் கேட்கும்; பாறைகளுக்கு இடையே அதன் நடுக்கோடு உரசிக்கொண்டே செல்வதால், தகடு தேய்வதும் முதலில் அங்கேதான். ஆனால் காற்று எழுந்த ஏரியில் நிலைமை தலைகீழாகிவிடும். ‘வி’ அடி அலையைப் பிளந்து செல்லும். தட்டையடியோ ஒவ்வோர் அலையிலும் அறை வாங்கியதுபோல் அதிரும், முகப்பிலிருந்து நீரும் தெறித்து உள்ளே விழும்.

நீளத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள்; அகலத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. என் கருத்தில், சிறு படகில் முதலில் அளக்க வேண்டியது அடிப்பகுதியின் அகலத்தைத்தான். நீளமும் சுமையும் மாறாதிருக்க, அகலம் மட்டும் கூடினால், சாய்வை எதிர்க்கும் படகின் வலு ஏறத்தாழ அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தை (அகலம் × அகலம் × அகலம்) ஒட்டி உயரும். 36 அங்குலம் 48 ஆகும்போது அந்த வலு இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. வெறும் 12 அங்குலந்தானே என்று காகிதத்தில் பார்க்கையில் தோன்றும். எழுந்து நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

நான் முதலில் வாங்கியது 36 அங்குல அகலமுள்ள 12 அடிப் படகு. ஒரு நாள் காலை, உடன் வந்த நண்பரின் தூண்டிலில் நல்ல கனமான மீன் சிக்கியது. அவர் அதை வலப்பக்கம் இழுத்துக்கொண்டு வர, நான் கைவலையோடு அதே பக்கம் குனிந்தேன். அவ்வளவுதான், வலப்பக்க விளிம்பு நீர்மட்டத்துக்குத் தாழ்ந்து, ஓசையே இல்லாமல் தண்ணீர் உள்ளே வழிந்தது. நாங்கள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தபோது கணுக்கால் வரை நீர் நின்றது. இருவரும் மிதவை உடுப்பு அணிந்திருந்தோம். இல்லாவிட்டால் இந்தப் பதிலை இவ்வளவு நிதானமாக எழுதியிருக்க மாட்டேன். சகோதரர்கள் இருவர் சேர்ந்து மீன் பிடிக்கும்போது இருவரும் ஒரே பக்கம் குனியும் நேரம் கட்டாயம் வரும். அந்த நேரத்தை மனத்தில் வைத்துத்தான் அகலமான படகைச் சொல்கிறேன்.

ஏரிக்கான நிபந்தனை இதுதான்: காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தக் கரையை ஒட்டியே இருங்கள். நீர்ப்பரப்பின்மேல் காற்று கடந்துவரும் தூரம் கூடக் கூட அலை உயரும் என்பதால், அக்கரை கொந்தளிக்கும் நேரத்திலும் இக்கரை அமைதியாகவே இருக்கும். நடு ஏரியைக் கடந்தே ஆகவேண்டும் என்றால், அல்லது ஏரிக்குப் போகும் நாள்கள் மாதத்தில் இரண்டு மூன்றாக உயரும் என்றால், தயங்காமல் ‘வி’ வடிவப் படகை எடுங்கள்.

12 அடிப் படகை நான் அடியோடு ஒதுக்கவில்லை. அதன் எடை 50 கிலோவை ஒட்டியே இருக்கும். இருவர் சேர்ந்து தூக்கிச் சென்று கரையில் இறக்கிவிடலாம். 48 அங்குலப் படகு 100 கிலோ அளவில் வரும், டிரெய்லர் இல்லாமல் சிரமந்தான். நீங்கள் மீன் பிடிக்கும் இடத்துக்கு வண்டி போகாதென்றால் மேலே சொன்னதையெல்லாம் மறுபடி எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: ரிவெட் அடித்த பழைய 14 அடிப் படகு ஒன்று விலைக்கு வருகிறது. கசிவு இல்லை என்கிறார் உரிமையாளர். வெல்டிங் செய்த படகே மேல் என்கிறார் நண்பர். நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை உண்டு. வெல்டிங் செய்யும் படகுகளுக்குப் பொதுவாக 2 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிப்புள்ள தகட்டைப் பயன்படுத்துகிறார்கள். பாறை நிறைந்த ஆற்றில் அந்தத் தடிப்பு கைகொடுக்கும். ரிவெட் படகின் தகடு மெல்லியது, ஆகவே படகும் இலகுவானது. பல ஆண்டுகள் அதிர்ந்து அதிர்ந்து ரிவெட்டுகள் தளர்வது இயல்புதான். அதற்காக நல்ல பழைய படகை விட்டுவிட வேண்டியதில்லை.

கசிவைக் கண்டறியப் படகை நீரில் இறக்க வேண்டாம். நீரைப் படகுக்குள் ஊற்றுங்கள். டிரெய்லரில் வைத்து, வடிகால் துளையை அடைத்து, ரிவெட் வரிசை மூழ்கும் அளவுக்கு ஊற்றினால் போதும். இந்த அளவுப் படகில் 5 சென்டிமீட்டர் நீரே 200 கிலோவைத் தாண்டிவிடும் என்பதால், அடிப்பகுதிக்கு நன்றாக முட்டுக் கொடுத்த பிறகே ஊற்றுங்கள். பிறகு கீழே குனிந்து, துணியால் அடித்தகட்டைத் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். தளர்ந்த ரிவெட்டின் தலையைச் சுற்றி முதலில் மெல்லிய ஈரவளையம் தோன்றும்; சற்று நேரத்தில் அது ஒரு துளியாகத் திரண்டு தொங்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஏழெட்டுத் துளி என்றால் கவலையில்லை; ரிவெட்டின் உள்முனையில் கனமான இரும்புக் கட்டையை அணைத்துக்கொண்டு, வெளியே சுத்தியலால் அடித்து இறுக்கிவிடலாம். மாற்றவேண்டி வந்தால் திடமான ரிவெட்டையே போடுங்கள். சாதாரண பாப் ரிவெட்டின் நடுத்துளை வழியாகவே நீர் கசியும். மெல்லிய தகட்டில் கசியும் ரிவெட்டை வெல்டிங் செய்ய முயல வேண்டாம். சூட்டில் தகடே உருகி ஓட்டை விழுந்துவிடும்.

இதைவிட முக்கியமானது மோட்டார் மாட்டும் பின்பலகை. பல படகுகளில் அதன் உள்ளே இருப்பது மரப்பலகை. திருகு துளைகள் வழியாக நீர் இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கும். மோட்டாரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகை சேர்ந்து ஆடினால் அதை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். இருக்கைகளுக்கு அடியிலுள்ள மிதவை ஃபோமையும் அழுத்திப் பாருங்கள். நீர் ஊறிய ஃபோம் படகைக் கனமாக்கும். மூழ்கும் நேரத்தில் தாங்கவும் தாங்காது.

கேள்வி: 14 அடித் தட்டையடிப் படகுக்கு எத்தனை குதிரைத்திறன் மோட்டார் மாட்டலாம்?

பதில்: படகில் பதித்த திறன் தகட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கு மேல் ஒருபோதும் போக வேண்டாம். அதற்குள், இருவர் செல்லும் படகுக்கு 9.9 முதல் 15 வரை போதுமானது. குதிரைத்திறனைவிட நான் அஞ்சுவது பின்பக்கம் சேரும் எடையைத்தான். 9.9 குதிரைத்திறன் நான்கு-ஸ்ட்ரோக் மோட்டார் 40 கிலோ அளவில் இருக்கும். அதனோடு பேட்டரி, பெட்ரோல் தொட்டி, ஓட்டுபவர் என எல்லாம் பின்னாலேயே சேர்ந்தால் பின்பலகை நீருக்கு மிக அருகே தாழ்ந்துவிடும். திடீரென வேகத்தைக் குறைக்கும்போது படகு எழுப்பிய அலையே பின்தொடர்ந்து வந்து பலகைக்கு மேலே ஏறும். ஆகவே பேட்டரியையும் தொட்டியையும் முன்பக்கம் நகர்த்துங்கள். ஆற்றோட்டத்தில் நங்கூரத்தை முகப்பில் மட்டுமே கட்டுங்கள். பின்னால் கட்டினால் நீரோட்டம் படகின் மிகத் தாழ்ந்த பகுதியிலேயே வந்து மோதும். பின்பலகையின் உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள்: 15 அங்குலமென்றால் குட்டைத் தண்டு மோட்டார், 20 அங்குலமென்றால் நெட்டைத் தண்டு.

கேள்வி: அலுமினியப் படகில் சத்தம் அதிகம் என்பதால் மரத்தளம் போடலாமா?

பதில்: போடலாம். ஓர் ஈயக்குண்டு கைதவறித் தகட்டில் விழுந்தாலும் அந்த ஒலி அப்படியே நீருக்குள் போகும். ஆழமில்லாத இடத்தில் மீன்கள் விலகுவதை நானே கண்டிருக்கிறேன். ஆனால் மரம் உளுத்துப்போகாதிருக்கச் செம்பு கலந்த மருந்தேற்றிய பலகையை மட்டும் போடாதீர்கள். ஈரம் பட்டதும் அந்தச் செம்பு அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். பலகையைத் தூக்கிப் பார்த்தால் தகட்டில் வெள்ளைப் பொடி பூத்து, அதன் அடியில் சிறு குழிகள் தெரியும். செம்பு நாணயமோ பித்தளைத் திருகோ படகின் அடியில் ஈரத்தில் கிடந்தாலும் இதே கதைதான். மருந்தேற்றாத ஒட்டுப்பலகையின் எல்லாப் பக்கமும் வண்ணம் பூசிப் போடலாம். அதைவிட எளியது தடித்த ரப்பர் விரிப்பு. மாதம் ஒருமுறை எடுத்து உலர்த்திவிட்டு மறுபடி விரித்துக்கொள்ளுங்கள்.