மாடியிலேருந்து எறிஞ்ச பந்துக்கு ரேஞ்ச் ஏன் தப்பா வருது?

நண்பா, 15 மீட்டர் மாடியிலேருந்து 20 மீ/செ வேகத்துல 30 டிகிரி மேல்நோக்கி எறிஞ்ச கணக்குக்கு உங்களுக்கு ரேஞ்ச் (பந்து பக்கவாட்டுல போய் விழற தூரம்) 34.6 மீட்டர் வருது, புக்ல 52 மீட்டர்னு இருக்குன்னு கேட்டிருந்தீங்க, புக் சரிதான். நீங்க போட்ட சைன் 2 தீட்டா ஃபார்முலா (வேகம்² × சைன் 2 தீட்டா ÷ ஜி, தீட்டான்னா எறியற கோணம்) எறிஞ்ச மட்டத்துலயே பந்து விழுந்தா மட்டும்தான் செல்லும், இத யாரும் அழுத்திச் சொல்லிக் குடுக்கறதில்ல, அதான் வருத்தம்.

வேகத்த ரெண்டா பிரிங்க. மேல 20 × சைன் 30 = 10, பக்கவாட்டுல 20 × காஸ் 30 = 17.32. ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 10னு வச்சுக்கிட்டா 2 செகண்ட்ல பந்து திரும்ப மாடி மட்டத்துக்கு வந்துடும், உங்க 34.6 அங்கயே நின்னுடுச்சு, ஆனா பந்து நிக்கலயே, அப்போ கீழ்நோக்கி 10 மீ/செ வேகத்துல போகுது, அடுத்த 1 செகண்ட்ல 10 + 5 = 15 மீட்டர் இறங்கி தரையத் தொடும். மொத்தம் 3 செகண்ட், 17.32 × 3 = 51.96.

பரீட்சைல −15 = 10 × நேரம் − 5 × நேரம்²னு எழுதித் தீருங்க, 3, −1னு ரெண்டு விடை வரும், மைனஸ விட்டுடுங்க. இன்னொன்னு, உயரத்துலேருந்து எறிஞ்சா 45 டிகிரி அதிகபட்ச ரேஞ்ச் தராது, அதவிடக் கம்மியான கோணம்தான் தரும்.