ட்ரிபிள் இ படிக்கும் பெண்ணுக்கு பிளாக்செயின் கோர்ஸ் தேவையா?

மூன்றாமாண்டு ட்ரிபிள் இ (மின், மின்னணுப் பொறியியல்) படிக்கும் மகளை மின்துறைக்கான பிளாக்செயின் கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பிளாக்செயின் என்பது பதிவுகளைச் சங்கிலியாகக் கோத்து, பலரும் பகிர்ந்து வைத்திருக்கும் பேரேடு. மின்துறையில் அது கடைசிப் படி. மீட்டரும் கட்டண விதியும் புரியாமல் அதில் ஏற முடியாது.

கூரை சோலாரில் மிஞ்சும் மின்சாரத்தைப் பக்கத்து வீட்டுக்கு விற்பதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 2016 ஏப்ரலில் நியூயார்க்கின் புரூக்ளினில் எதீரியம் என்ற பிளாக்செயின் வழியாக அப்படி ஒரு விற்பனை நடந்தது. மென்பொருள் சரியாகவே ஓடியது, முட்டுக்கட்டை சட்டம்தான். வீட்டுக்காரர் ஒருவர் அண்டை வீட்டாருக்கு நேரடியாக மின்சாரம் விற்க அப்போது அங்கே அனுமதி இல்லை. தவிர, கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கு யார் யாருக்கு விற்றார் என்பது தெரியாது, கைமாறுவது கணக்குதான். அந்தக் கம்பிக்கு உரிமையாளரான மின்பகிர்மானக் கழகத்துக்கு வீலிங் கட்டணமும் (கம்பியைப் பயன்படுத்துவதற்கான வாடகை) உண்டு.

பசுமைச் சான்றிதழ் (புதுப்பிக்கத்தக்க மின்சாரம் உற்பத்தியானதற்கான சான்று) கணக்கு இதைவிட உருப்படியான பயன் என்பது என் கருத்து. இந்தியாவில் 1 மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்கு, ஒரு சான்றிதழ். ஒரே யூனிட்டை இருவருக்கு விற்காமல் பார்த்துக்கொள்ள, எல்லோரும் சரிபார்க்கக்கூடிய பேரேடு உதவும். ஆனால் மீட்டரில் சி.டி. விகிதம் (பெரிய மின்னோட்டத்தை அளக்கச் சிறிதாக்கும் கருவியின் விகிதம்) தவறாகப் பதிந்திருந்தால் அந்தத் தவறும் அழியாமல் பேரேட்டில் ஏறிவிடும்.

மீட்டர் பதிவுகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் ஒரு மீட்டருக்கு நாளைக்கு 96. ஒரு லட்சம் மீட்டருக்கு 96 லட்சம், அதாவது விநாடிக்குச் சுமார் 111. எதீரியத்தின் முதன்மைச் சங்கிலி பல ஆண்டுகள் விநாடிக்கு ஏறத்தாழ 15 பரிவர்த்தனைகளைத்தான் கையாண்டது. அதனால் பதிவுகளைச் சாதாரண டேட்டாபேஸில் வைத்து, மொத்தத்துக்குமான ஹாஷை (தரவு மாறினால் காட்டிக்கொடுக்கும் கைரேகை போன்ற குறியீடு) மட்டும் சங்கிலியில் ஏற்றுவார்கள். வேறொரு காரணமும் உண்டு: வீடு எப்போது பூட்டிக் கிடக்கிறது என்பதை 15 நிமிடப் பதிவே காட்டிக்கொடுக்கும். பொதுச் சங்கிலியில் ஏறியதை அழிக்க வழியில்லை.

உங்கள் மகள் முதலில் தன் வீட்டு மின் ரசீதின் ஒவ்வொரு வரியும் எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அடுத்து ஸ்மார்ட் மீட்டர் பேசும் டி.எல்.எம்.எஸ். நெறிமுறை, நிரல் எழுதப் பைத்தான், டேட்டாபேஸுக்கு எஸ்.க்யூ.எல். பிறகு பத்து வீடுகளின் நுகர்வு, சோலார் உற்பத்தியைப் பாவனைத் தரவாக எடுத்து, உபரியையும் தேவையையும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பொருத்தும் புராஜெக்ட். அதற்கான ஒப்பந்தத்தை (பிளாக்செயினில் தானே ஓடும் நிரல்) சாலிடிட்டி என்ற நிரல்மொழியில் எழுதி, ரீமிக்ஸ் என்ற இணையக் கருவியில் காசில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். சாலிடிட்டியில் தசமக் கணக்கு நடக்காது. யூனிட்டை வாட்-மணியாகவும் ரூபாயைப் பைசாவாகவும் மாற்றி முழு எண்ணாக வைக்க வேண்டும். மீட்டர்களின் கடிகாரங்கள் சில நிமிடம் பிசகினாலும் உபரி அடுத்த கட்டத்தில் போய் விழுந்து கணக்கு உதைக்கும். நேர்காணலில் கேட்டால் இந்தச் சிக்கல்களைத்தான் விளக்கிச் சொல்ல வேண்டும்.

வேலை தேடும்போது ‘பிளாக்செயின்’ என்ற சொல்லை மட்டும் போட்டுத் தேட வேண்டாம். ஸ்மார்ட் மீட்டர் தரவு, மின்சந்தை, பில்லிங் மென்பொருள் என்றும் தேடட்டும்.

அப்புறமும் அந்தக் கோர்ஸில் சேர ஆசை இருந்தால், மீட்டர் தரவை வைத்து ஒரு புராஜெக்டாவது செய்ய வைப்பார்களா என்று கேளுங்கள். கிரிப்டோ விலைப் பாடம்தான் பாதி என்றால் சேர்க்காதீர்கள்.