டபுள் ஆன கான்ட்ராக்ட்டுக்கு முதல் சீட்டு எதைப் போடறது?

"பிரிட்ஜ்ல எதிர் டீம் எடுத்த கான்ட்ராக்ட்ட நாங்க டபுள் பண்ணிட்டோம், லீட் என்னோடது, வழக்கமா போடற லீடையே போடலாமா, மாத்தணுமா?"ன்னு கேட்டிருக்கீங்க.

நிறைய சமயம் மாத்தணும். (கான்ட்ராக்ட்னா இந்த சூட் துருப்பு, இத்தனை டிரிக் எடுப்போம்னு ஏலத்துல கொடுக்கற வாக்கு, டபுள்னா அது நடக்காதுன்னு பந்தயத்த ஏத்தறது, லீட்னா முதல் சீட்டு.) கையில கிங், குயின், ஜாக் வரிசையா இருந்தா கிங்க இறக்குன்னு ஆரம்பத்துல கத்துக்கறோம்ல, டபுள் வந்துட்டா அந்தப் பழக்கத்த கொஞ்சம் தள்ளி வைக்கணும். யார் டபுள் பண்ணாங்க, எதை நம்பிப் பண்ணாங்க, இந்த ரெண்டையும் முதல்ல யோசிங்க, உங்க சீட்ட அப்புறம் பாருங்க. நான் இதைக் கத்துக்கிட்டது ஒரு ஸ்லாம்ல, அதாவது 13 டிரிக்ல 12 எடுப்போம்னு சொன்ன கான்ட்ராக்ட்ல.

டம்மியா (சீட்ட மேஜைல விரிச்சு வச்சுட்டு சும்மா இருக்கறவர்) வரப்போறவர் 1 டயமண்ட்னு ஆரம்பிச்சாரு, ஏலம் ஏறி ஏறி அவரோட பார்ட்னர் 6 ஸ்பேட்ல நின்னாரு, அவங்க வல்னரபிள் (ஜெயிச்சா போனஸும் தோத்தா அபராதமும் அதிகமா இருக்கற நிலை). என் பார்ட்னர் டபுள். என் கையில ஹார்ட் கிங், குயின், ஜாக், பத்து, அதோட டயமண்ட் ஒன்பதுலேர்ந்து மூணு வரைக்கும் அஞ்சு பொடி சீட்டு. நான் யோசிக்கவே இல்ல, ஹார்ட் கிங்க போட்டுட்டேன். டிக்ளேரர் (கான்ட்ராக்ட்ட ஆடறவர்) ஏஸ்ல எடுத்தாரு, துருப்பெல்லாம் வாங்கினாரு, டம்மியோட அஞ்சு டயமண்டயும் ஓட்டி கையில இருந்த ஹார்ட்ட தூக்கிப் போட்டாரு, ஒரே ஒரு கிளப் ஏஸ் மட்டும் எங்களுக்கு. 1660 பாயின்ட் போச்சு. பார்ட்னர் கையில டயமண்டே கிடையாது! நான் டயமண்ட் போட்டிருந்தா அவர் முதல் டிரிக்லயே துருப்பால வெட்டி, கிளப் ஏஸ வச்சு, எங்களுக்கு 200 வந்திருக்கும். எனக்கு அஞ்சு டயமண்ட், டம்மி அந்த சூட்டைத்தான் முதல்ல சொல்லியிருக்காரு, அப்ப பார்ட்னர்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்? எண்ணிப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்.

இந்த டபுளுக்கு லைட்னர் டபுள்னு பேரு, தியோடர் லைட்னர் 1929ல கொண்டு வந்தது. இதுக்குப் பின்னாடி இருக்கற கணக்கு ரொம்ப எளிமை. வல்னரபிள்ல 6 ஸ்பேட் ஒண்ணு குறைஞ்சா டபுள் இல்லாம 100, டபுளோட 200, அதாவது லாபம் 100தான். ஆனா அவங்க ஜெயிச்சுட்டா 1430 இருந்தது 1660 ஆகுது, 230 நஷ்டம். தானா ஸ்லாம் ஏறின எதிராளிய அந்த 100க்காக யாரும் டபுள் பண்ண மாட்டாங்க. அதனால அந்த டபுளுக்கு அர்த்தம் "வழக்கமான லீட் வேண்டாம், வேற போடு"ங்கறதுதான். துருப்பு போடக்கூடாது, நம்ம டீம் சொன்ன சூட்டும் கூடாது, பெரும்பாலும் டம்மி முதல்ல சொன்ன சூட்தான் பதில், இல்லன்னா உங்க கையில ரொம்ப நீளமா இருக்கற சூட்.

அடுத்தது, எதிராளி நம்ம கேம (போனஸ் தர்ற கான்ட்ராக்ட்ட) தடுக்கறதுக்காகவே ஏறி ஏலம் சொல்லி டபுள் வாங்கறது. நமக்கு வல்னரபிள்ல 4 ஸ்பேட் கிடைச்சா 620, அவங்க வல்னரபிள் இல்லாம 5 டயமண்ட்னு ஏறறாங்க. மூணு குறைஞ்சா நமக்கு 500, நாலு குறைஞ்சா 800. பாத்தீங்களா, ஒரே ஒரு டிரிக்ல தான் லாபமா நஷ்டமான்னு தீர்மானம் ஆகுது. ஏஸ், கிங் மாதிரி பெரிய சீட்டுக்கு எண்ணற மொத்தம் 40 பாயின்ட்ல நம்மகிட்ட 25, 26 இருந்தா அவங்களுக்கு டிரிக் எங்கேர்ந்து வரும், வெட்டித்தான் வரணும், அதனால துருப்பு லீட். வெட்டறதுக்கு இருக்கற துருப்ப நாமளே காலி பண்றோம். டம்மிகிட்ட ஓடற மாதிரி ஒரு நீள சூட் இருக்குன்னு ஏலத்துலயே தெரிஞ்சா மட்டும் இது வேண்டாம், நம்ம டிரிக்க சீக்கிரம் எடுத்துக்கணும்.

1 ஹார்ட்டுக்கு நீங்க டேக்அவுட் டபுள் (பார்ட்னர அவரோட சூட்ட சொல்லச் சொல்ற டபுள்) பண்ணி, பார்ட்னர் அப்படியே பாஸ் பண்ணிட்டா, அங்கயும் துருப்புதான், கையில ஒத்தை ஹார்ட் இருந்தாலும் அதையே போடுங்க. பார்ட்னர்கிட்ட அஞ்சு நல்ல துருப்பு இருக்கு, டிக்ளேரரோட சின்ன துருப்பு வெட்டறதுக்குப் பயன்படாம போகணும்.

ஆனா 4 ஸ்பேட்ட நாலு துருப்ப வச்சு டபுள் பண்ணியிருக்காங்கன்னா (நீங்களோ பார்ட்னரோ) கதையே வேற. டிக்ளேரருக்கு அஞ்சு, டம்மிக்கு மூணு, நம்ம பக்கம் நாலும் ஒண்ணும். நம்ம நீள சூட்ட திரும்பத் திரும்பப் போட்டு டிக்ளேரர கையிலேர்ந்து ரெண்டு தடவை வெட்ட வச்சா அவருக்கு மூணுதான் மிச்சம், நமக்கு நாலு, துருப்பு மேல பிடி நம்மகிட்ட வந்துடும். இந்த மாதிரி கையில ஒத்தை சீட்ட லீட் பண்ணி வெட்ட ஆசைப்படறது எனக்குப் பிடிக்காது, நீளத்தோட பலத்த நாமளே கரைக்கற மாதிரி.

3 நோ ட்ரம்ப்ப (துருப்பே இல்லாத கான்ட்ராக்ட்ட) பார்ட்னர் டபுள் பண்ணா, அவர் மட்டும் ஒரு சூட் சொல்லியிருந்தா அதைப் போடுங்க, நீங்க மட்டும் சொல்லியிருந்தா உங்க சூட், ரெண்டு பேரும் சொல்லலன்னா டம்மி முதல்ல சொன்னது. எதிராளி எந்த சூட்டும் சொல்லாம 1 நோ ட்ரம்ப், 3 நோ ட்ரம்ப்னு போயிருந்தா பார்ட்னர்கிட்ட தானா ஓடற சூட் ஒண்ணு இருக்கு, பலரும் ஹார்ட், ஸ்பேட் ரெண்டுல கையில குறைச்சலா இருக்கறத போடுவாங்க.

இன்னொண்ணு, பார்ட்னர் டபுள வேகமா சொன்னாரா தயங்கி சொன்னாரா, குரல் எப்படி இருந்துச்சுன்னு வச்சு லீட் முடிவு பண்ணக்கூடாது, அது விதிக்கு விரோதம். ஏலத்துல வந்த வார்த்தைய மட்டும்தான் எடுத்துக்கணும். சந்தேகம் இருந்தா சீட்டு வைக்கறதுக்கு முன்னாடி முழு ஏலத்தையும் திரும்பச் சொல்லச் சொல்லி கேளுங்க, அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. 3 நோ ட்ரம்ப்ல நீங்களும் பார்ட்னரும் ஆளுக்கு ஒரு சூட் சொல்லியிருந்தா எதைப் போடறதுங்கறத மட்டும் ஆட உக்காரறதுக்கு முன்னாடியே அவரோட பேசி வச்சுக்கோங்க.