மெந்தால், மூலைக்கடை, இருபது வயது: அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களும் புகையிலையும் (கேள்வி பதில்)

பிலடெல்பியாவில் புகைப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் முப்பதுக்கும் குறைந்த வயதுள்ள கறுப்பின இளைஞர்கள். இதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கார்த்திக்: அக்கா, கறுப்பினத்தவர்கள் சின்ன வயதிலேயே அதிகம் புகைக்க ஆரம்பித்துவிடுகிறார்களா?

இல்லை, நேர்மாறு. பள்ளி வயதில் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையினப் பிள்ளைகளைவிடக் குறைவாகத்தான் சிகரெட் பிடிக்கிறார்கள், பல பத்தாண்டுகளாக இதே கதைதான். அவர்களில் பலர் தொடங்குவதே பதினெட்டுக்கு மேல். இருபதுகளில் அந்த இடைவெளி குறைந்துகொண்டே போகிறது, விடுவதும் அவர்களுக்குக் கடினமாக இருப்பதால் நடுத்தர வயதில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. அதனால் "வளர்ப்பு சரியில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வளர்ப்பு பதினேழு வயது வரைக்கும் காப்பாற்றியிருக்கிறது. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். பள்ளி முடிகிறது, கிடங்கிலோ உணவகத்திலோ நாள் முழுக்க நிற்கிற வேலை, கூட வேலை செய்பவர்கள் இடைவேளையில் வெளியே போய்ப் பற்றவைக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம்தான் பேச, சிரிக்க, மூச்சுவிடக் கிடைக்கிற நேரம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் தொடக்கக் கதை இதுதான்.

செல்வி: மெந்தால் சிகரெட்டை ஏன் எல்லோரும் பெரிய விஷயமாகப் பேசுகிறார்கள்? கொஞ்சம் புதினா குளிர்ச்சி, அவ்வளவுதானே?

அந்தக் குளிர்ச்சிதான் விஷயம். புகை தொண்டையில் கிளப்பும் எரிச்சலை மெந்தால் மறைத்துவிடுகிறது. புதிதாகப் பிடிப்பவனுக்கு இருமல் குறைவு, ஆழமாக இழுக்கலாம், பழகிவிடுகிறது. இன்று புகைக்கும் கறுப்பினத்தவரில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் மெந்தால்தான் பிடிக்கிறார்கள். 1950களில் இது பத்து சதவீதத்துக்கும் கீழே. அது ரத்தத்தில் வந்த ருசி என்றால் ஐம்பதுகளிலும் இருந்திருக்க வேண்டுமே. நடுவில் நடந்தது விளம்பரம். எபனி மாதிரி கறுப்பினப் பத்திரிகைகளின் பக்கங்கள், கூல் சிகரெட்டின் பெயரிலேயே ஜாஸ் இசை விழாக்கள், கறுப்பினத்தவர் வாழும் தெருக்களுக்குள் வண்டி கொண்டுபோய் இலவசமாக நியூபோர்ட் மெந்தால் சிகரெட் கொடுத்தது, 2004இல் ஹிப் ஹாப் இளைஞர்களைக் குறிவைத்துக் கூல் நடத்திய பிரச்சாரம் (அதற்கு மாநில அரசுகள் வழக்குப் போட்டன) என்று எழுதிக்கொண்டே போகலாம். சமூக அமைப்புகளுக்கும் கல்லூரி உதவித்தொகைகளுக்கும் நிறுவனங்கள் பணம் கொடுத்ததால், எதிர்த்துப் பேச வேண்டிய பலர் பல காலம் பேசவில்லை.

ஆனால் எதிர்ப்பும் இருந்தது, எங்கள் ஊரிலேயே. 1990இல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் கறுப்பினத்தவர்களுக்கென்றே 'அப்டவுன்' என்றொரு மெந்தால் சிகரெட்டைத் தயாரித்து, முதலில் பிலடெல்பியாவில் விற்றுப் பார்க்கத் திட்டமிட்டது. தேவாலயங்கள், மருத்துவர்கள், குடியிருப்புச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து கிளம்பினார்கள். கறுப்பினத்தவரான அன்றைய சுகாதார அமைச்சர் லூயிஸ் சல்லிவன் வெளிப்படையாகவே கண்டித்தார். சிகரெட் கடைக்கு வருவதற்கு முன்பே திட்டம் கைவிடப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வருகிறது.

முருகேசன், மதுரை: நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில் ஒரு சிகரெட் மட்டும் வாங்குவது சகஜம். அங்கேயும் அப்படி உண்டா?

உண்டு, ஆனால் சட்டப்படி குற்றம், பெட்டியைப் பிரித்து விற்கக் கூடாது. 'லூசி' என்று பெயர். மூலைக்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் கிடைக்கும். முழுப் பெட்டி வாங்கப் பணம் இல்லாத பையனுக்கு ஒன்று மட்டும் கிடைப்பதே தொடக்கம், விட்டவனுக்கோ மறுபடி விழ அதுவே வழி. அப்புறம் கடைகளின் எண்ணிக்கை. ஏழைக் கறுப்பினக் குடியிருப்புகளில் புகையிலை விற்கும் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன, மெந்தால் சிகரெட்டின் விலையும் அங்கே குறைவு என்று பல நகரங்களில் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பிலடெல்பியா இதனால்தான் 2016இல் ஆயிரம் பேருக்கு ஒரு கடை என்று வரம்பு வைத்தது.

அனிதா: என் வகுப்புத் தோழர்கள் சிகரெட்டே தொடுவதில்லை, ஆனால் சின்னச் சுருட்டு பிடிக்கிறார்கள். அது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. பிளாக் அண்ட் மைல்ட், ஸ்விஷர் ஸ்வீட்ஸ் எல்லாம் புகையிலைதான், புகையும் நிகோடினும் அதேதான். 2009இல் வந்த அமெரிக்கச் சட்டம் சிகரெட்டில் மெந்தால் தவிர மற்ற வாசனைகளைத் தடை செய்தது, சுருட்டை விட்டுவிட்டது. அதனால் திராட்சை, மாம்பழ வாசனையோடு இரண்டு சுருட்டு 99 சென்ட்டுக்குக் கிடைத்தன. இன்னொன்று, சுருட்டின் உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டுக் கஞ்சா நிரப்புவது, 'பிளன்ட்'. "நான் புகையிலை தொடுவதில்லை" என்று உறுதியாகச் சொல்கிறவர்களில் பலர் தினமும் பிளன்ட் பிடிப்பார்கள். மேல்சுற்றே புகையிலை இலை, அதிலிருந்தும் நிகோடின் ஏறுகிறது. சும்மா "புகைப்பீர்களா?" என்று கேட்டால் உண்மை வராது, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பிரபு: கறுப்பினத்தவர்கள் புகைப்பதற்கு இனவெறிதான் காரணம் என்று சிலர் சொல்வது கொஞ்சம் மிகையாகப் படவில்லையா?

எனக்குப் படவில்லை. பாகுபாட்டை அதிகம் சந்திப்பவர்களிடம் புகைப்பதும் அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. கடையில் பின்தொடரப்படுவது, காவலர் காரை நிறுத்துவது, வேலைக்கு விண்ணப்பித்து விண்ணப்பித்து அலுத்துப்போவது, இதெல்லாம் உடம்பில் பதற்றமாகத் தங்குகிறது, கையில் எட்டுவது சிகரெட். அதே நேரம் தாங்கிப் பிடிப்பதும் சமூகம்தான்: வீட்டுக்குள் புகைக்கவே கூடாது என்று உறுதியாக நிற்கும் அம்மா, பாட்டி, தேவாலயம், புகைக்காத நண்பர் வட்டம்.

லதா: இவ்வளவு தெரிந்தும் அரசு ஏன் மெந்தாலைத் தடை செய்யவில்லை?

2022இல் மத்திய அரசு விதியை முன்மொழிந்தது, இழுத்துக்கொண்டே போய் 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாசசூசெட்ஸ், கலிபோர்னியா மாநிலங்கள் தாங்களாகவே விற்பனையை நிறுத்தின. தடைக்கு எதிராகக் கறுப்பினத்தவர்களிடமே ஒரு குரல் உண்டு. 2014இல் நியூயார்க்கில் எரிக் கார்னர் என்ற கறுப்பினத்தவர் லூசி விற்றார் என்று சொல்லித்தான் போலீஸ் பிடித்தது, கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். இன்னொரு சட்டம் வந்தால் இன்னும் எத்தனை பேரை நிறுத்துவார்கள் என்ற பயம் நியாயமானது. ஆனால் முன்மொழிந்த விதி தயாரிப்பவரையும் விற்பவரையும்தான் குறித்தது, வைத்திருப்பவரை அல்ல. ஆண்டுக்கு சுமார் 45,000 கறுப்பின அமெரிக்கர்கள் புகையால் வரும் நோய்களில் இறக்கிறார்கள். நான் தடையின் பக்கம்.

ஹரிணி: என்னோடு வேலை செய்யும் பையன் ஒரு நாளைக்கு ஐந்தாறு தான் பிடிக்கிறான், விட முடியவில்லை என்கிறான். எப்படி உதவுவது?

ஐந்தாறு "தான்" என்று நினைக்காதீர்கள். புகைக்கும் கறுப்பினத்தவர்கள் வெள்ளையினத்தவரைவிட ஒரு நாளைக்குக் குறைவான சிகரெட்டே பிடிக்கிறார்கள், ஆனாலும் நுரையீரல் புற்றுநோயில் கறுப்பின ஆண்கள்தான் அதிகம் சாகிறார்கள். விட முயல்வதும் அவர்கள்தான் அதிகம், வெற்றி குறைவு, காரணம் மருத்துவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து மருந்து எழுதாமல் விடுவதும்தான். எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேளுங்கள். அரை மணிக்குள் என்றால் பிடி பலமானது, அவனுக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் நிகோடின் சூயிங்கமும் சேர்த்தோ, புகைக்கும் ஆசையைக் குறைக்கும் வேரனிக்ளின் மாத்திரையோ தேவைப்படலாம், மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். 1-800-784-8669 எண்ணில் ஆலோசனை இலவசம். இடைவேளையில் அவன் வெளியே கிளம்பும்போது நீங்களும் கூடப் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள், முதல் இரண்டு வாரத்துக்காவது.